‘ஃபார் இன்ஃபார்மிங்’ நேற்று தப்பு, இன்று எப்படிச் சரி?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறீர்கள். வெளியூர் வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் மெயில் போடுவதும் உங்கள் தலையில்தான். ‘ஐ ஆம் ரைட்டிங் ஃபார் இன்ஃபார்மிங் யூ தட் த லாரி ஹேஸ் லெஃப்ட்’ என்று எழுதினீர்கள், மேலாளர் ‘ஃபார் இன்ஃபார்மிங்’ என்பதை அடித்துவிட்டு ‘டு இன்ஃபார்ம்’ என்று மாற்றினார். மறுநாள் அதே மேலாளர் சரக்கு வாங்குகிறவருக்கு ‘தேங்க் யூ ஃபார் இன்ஃபார்மிங் அஸ்’ என்று எழுதியதைப் பார்த்துவிட்டீர்கள். நேற்று தப்பாக இருந்தது இன்று எப்படிச் சரியானது, அவருக்கே தெரியாதா என்பது வெளிப்படையாகக் கேட்டது. கூடவே ‘இன் ஆர்டர் டு’, ‘சோ தட்’, ‘சோ ஆஸ் டு’ எல்லாம் எங்கே போடுவது என்று ஒரு வால். எனக்குப் படுவது என்னவென்றால், தமிழில் ‘தெரிவிப்பதற்காக’ என்று ஒரே சொல்லில் முடிகிற காரியத்துக்கு ஆங்கிலக்காரன் ஏன் இத்தனை வாசல் வைத்திருக்கிறான், எந்த வாசல் வழியாகப் போவது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றுதான் கேட்கிறீர்கள்.

மேலாளரைச் சந்தேகப்பட வேண்டாம், அவர் இரண்டு தடவையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் ‘அப்படித்தான் வரும்’ என்று சொல்வாராக இருக்கும், பழக்கத்தில் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் காரைக்குடியைச் சுற்றி முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் எடுத்தவன், பெரும்பாலும் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, ஓய்வு பெற்ற அப்புறம் வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டு முகப்பிலேயே. மொழியியல் ஆராய்ச்சி செய்தவனில்லை. சொல்லப்போவதில் பாதி இலக்கணம், மீதி சிவப்பு மை தீரத் தீரத் திருத்திய விடைத்தாள்களில் கிடைத்தது. எது விதி, எது என் காது சொல்வது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

சந்தேகமே இல்லாத இடத்திலிருந்து தொடங்குவோம். ஒருவர் ஒரு காரியத்தை எதற்காகச் செய்தார் என்று சொல்ல ஆங்கிலத்தில் பொது வழி ‘டு’ போட்டு, அதன் பின்னால் வினைச்சொல்லை மொட்டையாக வைப்பது. அயித்தையைப் பார்க்கத் தேவகோட்டைக்குப் போனேன் என்றால் ‘ஐ வென்ட் டு தேவகோட்டை டு சீ மை ஆன்ட்’. கண்டாங்கி வாங்கக் காரைக்குடிக்கு வந்தோம் என்றால் ‘வி கேம் டு காரைக்குடி டு பை எ கண்டாங்கி சாரி’. இங்கே ‘ஃபார் சீயிங்’, ‘ஃபார் பையிங்’ என்று எழுதினால் தப்பு, அதில் இரண்டு கருத்து கிடையாது. நம் ஆட்கள் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதும் தெரிந்த விஷயம்தான். ‘வாங்குவதற்காக’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், ‘வாங்குவது’ என்ற பெயர், அதன்மேல் ‘கு’, அதன்மேல் ‘ஆக’. ‘வாங்குவது’ என்பதை ‘பையிங்’ ஆக்கி, ‘க்காக’ என்பதை ‘ஃபார்’ ஆக்கினால் ‘ஃபார் பையிங்’ தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. சோம்பேறித்தனத்தால் வந்த பிழை என்று நான் இதை ஒருநாளும் திட்டியதில்லை, தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்த பிழை இது.

அப்படியானால் ‘தேங்க் யூ ஃபார் இன்ஃபார்மிங் அஸ்’ எப்படி? இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘தெரிவிப்பதற்காக நன்றி’ என்று சொல்வீர்களா? மாட்டீர்கள், ‘தெரிவித்ததற்காக நன்றி’ என்பீர்கள். விஷயம் முழுக்க அந்த ஒரு ‘த்’தில் இருக்கிறது. தெரிவிப்பதற்காக என்றால் இனிமேல் நடக்க வேண்டியது, அது நோக்கம். தெரிவித்ததற்காக என்றால் நடந்து முடிந்தது, அது காரணம். தமிழ் இரண்டையும் சொல்லுக்குள்ளேயே காலம் காட்டிப் பிரித்துவிடுகிறது. ஆங்கிலத்து ‘இங்’ வடிவத்துக்கு அப்படிக் காலம் காட்டத் தெரியாது, ‘இன்ஃபார்மிங்’ என்றால் தெரிவித்தது, தெரிவிப்பது எல்லாமே அதுதான். அதனால் அவர்கள் வேறு விதமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள், நடந்ததற்கு ‘ஃபார்’ போட்டு ‘இங்’, நடக்க வேண்டியதற்கு ‘டு’. ஹெல்மெட் போடாமல் ஓட்டியதற்காக அபராதம் என்றால் ‘ஹி வாஸ் ஃபைன்ட் ஃபார் ரைடிங் வித்தவுட் எ ஹெல்மெட்’. தாமதமாக வந்ததற்கு மன்னிப்பு என்றால் ‘சாரி ஃபார் பீயிங் லேட்’. ஆகவே எழுதும்போது மனசுக்குள் தமிழில் சொல்லுங்கள். ‘செய்ததற்காக’ என்று வந்தால் ‘ஃபார்’, ‘செய்வதற்காக’ என்று வந்தால் ‘டு’. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்து எடுக்கவில்லை, ஒரு சாயங்காலம் விடைத்தாள் திருத்தும்போது தட்டுப்பட்டது. அன்றிலிருந்து பத்துக்கு எட்டு இடத்தில் இது கைகொடுக்கிறது.

கைகொடுக்காத இரண்டு இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, சில சொற்கள் தங்களுக்கென்று ஒரு ‘ஃபார்’ஐக் கையோடு கூட்டிக்கொண்டு வரும். ‘ரெஸ்பான்சிபிள்’ அப்படி ஒன்று. சரக்கு அனுப்புவதற்கு நான் பொறுப்பு என்பது ‘ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் ஃபார் சென்டிங் த கூட்ஸ்’. தமிழில் ‘அனுப்புவதற்கு’ என்று எதிர்காலம் கேட்டாலும் இங்கே ‘டு’ வராது, ஏனென்றால் நீங்கள் சொல்வது நோக்கமே கிடையாது, எதற்குப் பொறுப்பு என்பது. கூலி, சம்பளம் பேசும்போதும் இந்தக் காதுக் கணக்கு கொஞ்சம் தடுமாறும். மூட்டை ஏற்றுவதற்கு இவ்வளவு தருகிறார்கள் என்றால் வேலை இன்னும் நடக்காவிட்டாலும் ‘தே பே அஸ் ஃபார் லோடிங்’ என்பதே வழக்கம், கூலி என்பது செய்ததற்குக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

இன்னொரு இடம்தான் சுவையானது. ஒரு பொருள் எதற்கு இருக்கிறது, அதன் வேலை என்ன என்று சொல்லும்போது ‘ஃபார்’ போட்டு ‘இங்’ தாராளமாக வரும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவு வாசலில், அதாவது வீட்டுக்குள் இருக்கிற திறந்த முற்றத்தில், விழுகிற மழைத்தண்ணீரைப் பிடிக்கப் பெரிய பெரிய பாத்திரம் வைப்பார்களே, அதைக் காட்டி ஒரு வெளிநாட்டுக்காரருக்குச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். இந்தப் பாத்திரங்கள் மழைத்தண்ணீர் பிடிப்பதற்கு என்றால் ‘தீஸ் வெசல்ஸ் ஆர் ஃபார் கலெக்டிங் ரெயின்வாட்டர்’, முழுக்கச் சரி. ஆனால் மேகம் கறுத்ததும் ஆச்சி போய்ப் பாத்திரத்தைத் தூம்புக்கு அடியில் வைத்தார்கள், தண்ணீர் பிடிக்க, என்று சொல்ல வந்தால் ‘ஆச்சி புட் த வெசல் தேர் டு கலெக்ட் ரெயின்வாட்டர்’ என்றுதான் வர வேண்டும். பாத்திரம் ஒன்று, தண்ணீர் ஒன்று, பிடிப்பதும் அதே பிடிப்பது. முதல் வாக்கியத்தில் நோக்கம் பாத்திரத்துடையது, அது நேற்றும் இன்றும் எப்போதும் அதற்காகவே இருக்கிறது. இரண்டாவதில் நோக்கம் ஆச்சியுடையது, அன்றைக்கு அந்த நேரத்தில் அவர்கள் மனசில் இருந்தது. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் போடுகிறவர்கள் கண்ணாடித் தட்டின்மேல் சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார்களே, அந்தக் கண்ணாடி எதற்கு என்று கேட்டால் ‘இட் இஸ் ஃபார் கிவிங் த டைல் இட்ஸ் ஷைன்’ என்று சொல்லலாம், கல்லுக்கு மினுமினுப்பு வருவது அந்தக் கண்ணாடியால்தான், சூளையில் சுடுவதெல்லாம் கிடையாது. நடுவில் ‘யூஸ்’ என்ற சொல் வந்துவிட்டால் இரண்டு வழியும் திறந்துவிடும். ‘வி யூஸ் இட் ஃபார் கிரேட்டிங் கோகனட்’, ‘வி யூஸ் இட் டு கிரேட் கோகனட்’, இரண்டும் சரி, சண்டை வேண்டாம்.

இதற்கும் அதற்கும் நடுவே ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது, உங்கள் வேலையில் அது அடிக்கடி வரும். ‘வி ஹேவ் சென்ட் த சாம்பிள் ஃபார் டெஸ்டிங்’ என்பது சரியா? சரிதான், எல்லாரும் எழுதுவது. லாரியை ‘ஃபார் சர்வீசிங்’ விட்டிருக்கிறோம் என்பதும் அப்படியே. இங்கே ‘டெஸ்டிங்’, ‘சர்வீசிங்’ எல்லாம் ‘ரிப்பேர்’ மாதிரி ஒரு பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டன. ஆனால் எதைச் சோதிக்க என்று ஒரு பொருளைப் பின்னால் சேர்த்துவிட்டால், ஈரப்பதத்தைச் சோதிக்க என்று வந்துவிட்டால், நான் ‘டு டெஸ்ட் த மாய்ஸ்ச்சர்’ என்றுதான் எழுதுவேன். ‘ஃபார் டெஸ்டிங் த மாய்ஸ்ச்சர்’ என்று தொழில் சம்பந்தமான தாள்களில் நல்ல ஆங்கிலக்காரர்களே எழுதிப் பார்த்திருக்கிறேன், அதனால் தப்பு என்று அடித்துவிட மாட்டேன். இது என் காது சொல்வது, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெறும் பெயர்ச்சொல் என்றால் ‘ஃபார்’ மட்டுமே போதும். முடி வெட்டப் போனேன் ‘ஃபார் எ ஹேர்கட்’, காய்கறிக்குப் போனேன் ‘ஃபார் வெஜிடபிள்ஸ்’. இது நமக்கு அந்நியமே கிடையாது. நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது கொடை, பகை என்று அடுக்கிக்கொண்டே போய் ‘பொருட்டு’ என்றும் ஒன்றை நன்னூல் சேர்க்கிறது, அதற்குப் பள்ளிக்கூடத்தில் ‘கூலிக்கு வேலை செய்தான்’ என்று உதாரணம் படித்திருப்பீர்கள். அந்தக் ‘கு’தான் இந்த ‘ஃபார்’. வேடிக்கை என்னவென்றால், ‘டு’வும் ஆதியில் நம் ‘கு’ மாதிரியே ‘ஊருக்கு, வீட்டுக்கு’ என்று போகிற திசையைக் காட்டுகிற சொல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே அது வினைக்கு முன்னால் வந்து நின்று நோக்கத்தையும் காட்டத் தொடங்கிவிட்டது. அப்புறம் ஒரு காலத்தில் இரண்டையும் சேர்த்து ‘ஃபார் டு சீ’ என்றுகூட எழுதினார்கள், 14-ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய கவிதையில் தாராளமாக வரும். என்னிடம் படித்த ஒரு பையன் ‘ஐ வென்ட் ஃபார் டு பை ரைஸ்’ என்று எழுதியபோது, நீ அறுநூறு வருடம் தாமதமாகப் பிறந்துவிட்டாய் என்றுதான் சொல்ல முடிந்தது. இன்றைக்கு அது தப்பு. கடைத்தெருவுக்குப் போவதை மட்டும் ‘கோ ஃபார் ஷாப்பிங்’ என்று நம் நாடு முழுக்கச் சொல்கிறோம், வெளியில் ‘கோ ஷாப்பிங்’ என்பார்கள். வெளிநாட்டு மெயிலில் ‘ஃபார்’ வேண்டாம், நம்மூரில் பேசும்போது யாரும் உங்களைப் பிடித்துக்கொள்ளப் போவதில்லை.

சரி, அடுத்தது ‘சோ தட்’. இதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: முதல் காரியத்தைச் செய்கிறவரும் இரண்டாவது காரியத்தைச் செய்கிறவரும் ஒருவரா, இரண்டு பேரா? ஒருவர் என்றால் ‘டு’வே போதும். நான் போனேன், நானே பார்த்தேன். இரண்டு பேர் என்றால் ‘டு’ சில சமயம் தள்ளாடும். நாங்கள் இன்றைக்கே பில்லை அனுப்புகிறோம், நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் பணம் போட. அனுப்புவது நாங்கள், பணம் போடுவது நீங்கள். ‘வி ஆர் சென்டிங் த பில் டுடே டு மேக் த பேமென்ட்’ என்று எழுதினால் பணத்தையும் அனுப்புகிற நாங்களே போட்டுக்கொள்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ‘வி ஆர் சென்டிங் த பில் டுடே சோ தட் யூ கேன் பே பை ஃப்ரைடே’ என்றால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது வெட்டவெளிச்சம். நேற்று அனுப்பினோம் என்று கதை பழையதானால் ‘கேன்’ ‘குட்’ ஆகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும். பூனை உள்ளே வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன் என்பதை ‘ஃபார் த கேட் டு கம் இன்’ என்றும் சொல்லலாம். அங்கே ‘ஃபார்’, ‘டு’ இரண்டும் வருகிறதே என்று பயப்பட வேண்டாம், நடுவில் பூனை உட்கார்ந்திருக்கிறது, அதுதான் ‘ஃபார் டு’வுக்கும் இதற்கும் வித்தியாசம். இன்னொரு விதிவிலக்கு, ஒருவர் கையில் ஒன்றைக் கொடுத்து அவரைச் செய்யச் சொல்லும்போது. ‘ஐ கேவ் ஹிம் மனி டு பை மெடிசின்’, வாங்குவது அவன்தான் என்று எல்லாருக்கும் புரிகிறது, அங்கே ‘டு’ போதும். ‘சோ தட் டு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ‘சோ தட்’டுக்குப் பின்னால் ஒரு ஆள் வர வேண்டும், அப்புறம்தான் வினை.

‘சோ தட்’டையும் வெறும் ‘சோ’வையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ‘சோ’ என்றால் பெரும்பாலும் ‘அதனால்’. வழியில் பாலம் வேலை நடந்தது, அதனால் லாரி தாமதம். அது யாரும் திட்டம் போட்டு நடக்கவில்லை. ‘சோ தட்’ என்பது பேச்சில் நாம் சொல்கிற ‘ணும்னு’. நீங்க பார்க்கணும்னு அனுப்பினேன், கெட்டுப்போயிடக் கூடாதுன்னு மூடினேன். உங்கள் வாக்கியத்தில் ‘ணும்னு’வோ ‘கூடாதுன்னு’வோ போட்டுப் பொருந்தினால் ‘சோ தட்’, ‘அதனால’ பொருந்தினால் ‘சோ’. பேச்சு வேகத்தில் அவர்கள் ‘தட்’டை விழுங்கிவிடுவது உண்டு, காதில் ‘சோ’ மட்டும் விழும். எழுதும்போது நீங்கள் விழுங்காதீர்கள், அவ்வளவுதான்.

‘இன் ஆர்டர் டு’, ‘சோ ஆஸ் டு’ இரண்டைப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘டு’வுக்கு வேட்டி சட்டை மாட்டிவிட்டது மாதிரி, அர்த்தம் அதேதான், தோரணை மட்டும் கூடும். ஒரு வாக்கியத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று ‘டு’ வந்து எது எதற்கு என்று தெரியாமல் போகும்போது ‘இன் ஆர்டர் டு’ உபயோகமாக இருக்கும். லாரி கிளம்பிவிட்டது என்று சொல்ல அது வேண்டாம். ‘வித் எ வியூ டு’ என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பின்னால் மட்டும் மொட்டை வினை வராமல் ‘இங்’ வரும், ‘வித் எ வியூ டு ஓப்பனிங் எ பிராஞ்ச்’ என்று. அங்கே ‘டு’ பழைய திசை காட்டும் வேலையைப் பார்க்கிறது. எங்கள் ஐயா பர்மாவில் ஒரு பெட்டியடியில் கணக்கு எழுதியவர், அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் அந்தக் காலத்து வியாபாரக் கடிதங்களின் நகல்கள் கொஞ்சம் இருந்தன, ஒவ்வொன்றும் ‘வி பெக் டு இன்ஃபார்ம் யூ’ என்று தொடங்கும். தெரிவிக்கப் பிச்சை கேட்கிறோம் என்று சின்ன வயதில் மொழிபெயர்த்துக்கொண்டு சிரித்திருக்கிறோம். ஆனால் பாருங்கள், அந்தக் கடிதங்களிலும் ‘டு இன்ஃபார்ம்’தான், ‘ஃபார் இன்ஃபார்மிங்’ ஒரு இடத்திலும் இல்லை.

இனி, கூடாது என்பதைச் சொல்வது. என் அனுபவத்தில் நல்ல மாணவர்களும் விழுகிற பள்ளம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பல்லவன் ரயில் காரைக்குடியிலிருந்து விடிகாலையிலேயே புறப்பட்டுவிடும், அதைத் தவறவிடக் கூடாதென்று நாலு மணிக்கே எழுந்தேன். ‘ஐ வோக் அப் அட் ஃபோர் நாட் டு மிஸ் த ட்ரெயின்’ என்று எழுதத் தோன்றும். ‘டு’ நோக்கம் என்றால் ‘நாட் டு’ எதிர்மறை நோக்கம் என்பது நியாயமான கணக்குதானே? ஆனால் ஆங்கிலம் அதை ஒத்துக்கொள்வதில்லை. இந்த இடத்தில் வேட்டி சட்டை கட்டாயம், ‘சோ ஆஸ் நாட் டு மிஸ்’ அல்லது ‘இன் ஆர்டர் நாட் டு மிஸ்’, அல்லது ‘சோ தட் ஐ வுட்ன்ட் மிஸ்’. ‘பி கேர்ஃபுல்’, ‘டேக் கேர்’ மாதிரி ஜாக்கிரதைச் சொற்களுக்குப் பின்னால் மட்டும் ‘நாட் டு’ தனியாக நிற்கும், ‘பி கேர்ஃபுல் நாட் டு ஸ்பில் இட்’, சிந்திவிடாமல் பார்த்துக்கொள். இப்போது ‘டு நாட் மிஸ்’ என்று ‘டு’வை முன்னால் வைத்துச் சொல்வது பேச்சில் நிறையக் கேட்கிறது. தப்பென்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், பரவாயில்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள், வழக்கம் எந்தப் பக்கம் சாயும் என்று இன்னும் முடிவாகவில்லை. ஆலை மெயிலில் நான் எழுத மாட்டேன்.

ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, ‘நாட்’டையே தொடாமல் வினையை மாற்றிவிடுவது. மூட்டை நனையாமல் இருக்கத் தார்ப்பாய் போட்டோம். ‘நனையாமல் இருக்க’ என்பதை அப்படியே கொண்டுபோகப் பார்த்தால் ‘நாட் டு கெட் வெட்’ என்று சிக்கிக்கொள்வீர்கள், அதிலும் தார்ப்பாய் போட்டது நாம், நனைவது மூட்டை, இரண்டு ஆள். திருப்பிப் போடுங்கள். நனையாமல் இருப்பது என்றால் காய்ந்தே இருப்பது. ‘வி கவர்ட் த பேக்ஸ் டு கீப் தெம் ட்ரை’. முடிந்தது. தூசி உள்ளே வராமல் இருக்க என்றால் ‘டு கீப் த டஸ்ட் அவுட்’. கூட்டத்தில் மாட்டாமல் இருக்க என்றால் ‘டு அவாய்ட் த க்ரௌட்’. பூச்சி விழாமல் இருக்க என்றால் ‘டு பிரிவென்ட்’ என்று ஏதாவது. நம் ஆச்சிமார் ‘போயிட்டு வர்றேன்’ என்றுதானே சொல்லச் சொல்வார்கள், ‘போறேன்’ என்று சொல்ல விட மாட்டார்களே, அந்த மாதிரி, வேண்டாததைச் சொல்லாமல் வேண்டியதைச் சொல்வது. என்னிடம் வந்தவர்களில் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்களின் ஆங்கிலம் சீக்கிரமாகத் தெளிந்துவிட்டது.

‘லெஸ்ட்’ என்று பழைய புத்தகங்களில் ஒரு சொல் வரும், ‘கூடாதே என்று’ என்பது அதன் அர்த்தம். ‘கூடாது’ அதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பின்னால் இன்னொரு ‘நாட்’ போட்டு, அவன் விழாமல் போய்விடக் கூடாதே என்று ஆக்கிவிடுவார்கள். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எழுத வேண்டாம்.

அப்புறம் ‘இன் கேஸ்’. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மெயில் எழுதுகிறவருக்கு அவசியம். மழை வந்தால் தார்ப்பாய் எடு என்பது ‘இஃப் இட் ரெயின்ஸ்’, மழை வந்த பிறகு எடுத்தால் போதும். மழை வந்தாலும் வரும், எதுக்கும் தார்ப்பாயை இப்பவே எடுத்து வை என்பது ‘இன் கேஸ் இட் ரெயின்ஸ்’. நம் பேச்சில் இருக்கிற அந்த ‘எதுக்கும்’தான் இது, ‘எதுக்கும் ஒரு குடை கையில இருக்கட்டும்’ என்று சொல்கிறோமே. ‘எதுக்கு’ என்றால் நோக்கம், ‘எதுக்கும்’ என்றால் முன்ஜாக்கிரதை, ஒரு ‘உம்’தான் வித்தியாசம். பின்னால் வருவது எதிர்காலமானாலும் ‘வில்’ போட வேண்டாம், ‘ரெயின்ஸ்’ போதும். இந்த வித்தியாசத்தை இங்கிலாந்துக்காரர்கள் பார்க்கிற அளவுக்கு அமெரிக்கர்கள் பார்ப்பதில்லை, ‘இஃப்’ வருகிற இடத்திலேயே ‘இன் கேஸ்’ போட்டுவிடுவார்கள். நான் அவர்கள் நடுவில் இருந்து பழகியவன் இல்லை, எழுத்தில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். ‘இன் கேஸ் யூ நீட் எனி டீடெய்ல்ஸ், ப்ளீஸ் கால்’ என்று நம் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் எழுதுகிறோம், எழுதிவிட்டுப் போங்கள், யாருக்கும் புரியாமல் போகாது. சரக்கை மூடு, திற என்று உத்தரவு சொல்லும்போது மட்டும் இரண்டையும் பிரித்து எழுதுங்கள், அங்கே குழப்பம் வந்தால் நனைவது அரிசி.

நீங்கள் கடைசியில் ஒட்டியிருந்த மூன்று வாக்கியத்தையும் பார்த்தேன். முதலாவது, ‘வி ஆர் சென்டிங் திஸ் லிஸ்ட் ஃபார் கன்ஃபர்மிங் த ரேட்’. விலையை உறுதி செய்ய வேண்டியது அவர், அனுப்புவது நீங்கள், ஆகவே ‘சோ தட் யூ கேன் கன்ஃபர்ம் த ரேட்’. இரண்டாவது, ‘திஸ் மெஷின் இஸ் ஃபார் ரிமூவிங் ஸ்டோன்ஸ்’, கல் பொறுக்குகிற மெஷின் எதற்கு என்று சொல்கிறீர்கள், அதில் கை வைக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும். மூன்றாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ‘பிகாஸ் ஆஃப் ரெயின் வி ஸ்டாப்ட் டு லோட் த லாரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் ‘டு’ என்றால் நோக்கம் என்று பேசிக்கொண்டிருந்தோம் இல்லையா, அதையே இங்கே போட்டுப் பாருங்கள், மழை வந்ததால் கையில் இருந்த வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு லாரியில் மூட்டை ஏற்றினோம் என்று வருகிறது. ஏற்றுவதை நிறுத்தினோம் என்றால் ‘வி ஸ்டாப்ட் லோடிங் த லாரி’. இந்த மெயில் போய்விட்டதா இன்னும் இருக்கிறதா தெரியவில்லை, போயிருந்தால் இன்றைக்கே ஒரு திருத்தம் அனுப்பிவிடுங்கள், அந்த மனிதர் நனைந்த அரிசி வருகிறது என்று விலையைக் குறைக்க உட்கார்ந்திருப்பார்.